கொன்றைவேந்தனில் 'உ' வந்ததும் என்ன செய்கிறீர்கள்?

கோத்தகிரிக்காரி:
மகள் இரண்டாம் வகுப்பு. நான் சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஔவையார் நீதிநூல் புத்தகத்தையே ராத்திரி அவளோடு உட்கார்ந்து படிக்கலாம் என்று எடுத்தேன். அன்னை, ஆலயம், இல்லறம் என்று நன்றாகத்தான் போனது, 'உ' வந்ததும் 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு'. பள்ளி மேடையில் கையைக் கட்டிக்கொண்டு இதை மூச்சு விடாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான், இப்போது வாயே வரவில்லை. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால் திட்டுகிற நானே அவளிடம் இதை எப்படிச் சொல்வது? மேலே புரட்டினால் 'காவல்தானே பாவையர்க்கு அழகு', 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்'. 'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்' என்பதும் இதே நூல்தான், யாருடைய கண் என்று கேட்கத் தோன்றுகிறது. பாடியவரும் பெண். நீங்களெல்லாம் தாண்டிப் போகிறீர்களா, படித்துவிட்டுச் சண்டை போடுகிறீர்களா?

ஊட்டி வாத்தியார் (ஓய்வு):
அம்மா, கொஞ்சம் பொறுங்கள். சங்க கால ஔவை வேறு, இவர் சோழர் காலத்தவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் புத்தியும் கூடவே வரத்தான் செய்யும். அளவாகச் சாப்பிடு என்றுதான் நாங்கள் வகுப்பில் பொருள் சொன்னோம். 91 வரியில் மூன்று நான்கு உறுத்துகிறது என்பதற்காக நூலையே மூடி வைக்க வேண்டுமா?

பந்தலூர் லைன் வீடு:
மூட வேண்டாம் சார், ஆனால் அந்தப் பொருளை நான் ஏற்க மாட்டேன். அளவாகச் சாப்பிடு என்பதை ஆத்திசூடியிலேயே 'மீதூண் விரும்பேல்' என்று ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியாயிற்றே, அப்புறம் பெண்ணுக்கு மட்டும் தனியாக எதற்கு இன்னொரு தடவை?

எங்கள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் போனவர். விடியற்காலையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா, அப்பாவுக்கும் எங்களுக்கும் போட்டது போக மிச்சம் இருந்தால் தோசை, இல்லாவிட்டால் இன்னொரு கட்டஞ்சாயா, அதோடு மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவில் ஏறி, ஈரக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். எடை குறைந்தால் ஏசுவார்கள். அம்மாவின் சாப்பாடு குறைந்ததை யாரும் ஏசவில்லை, 'அவளுக்கு ஒன்றும் வேண்டாம், தங்கமானவள்' என்று தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லைன் முழுக்கப் பாராட்டுத்தான். கடைசியில் இரத்தம் இல்லை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டோடு தேயிலைத் தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்றும் சொன்னார். நாங்கள் இருப்பதோ தேயிலைக்கு நடுவில்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இதற்கெல்லாம் ஔவையார்தான் காரணம் என்று சொல்லவில்லை. பசியைக் காட்டாமல் இருப்பதுதான் பெண்ணுக்கு லட்சணம் என்று ஊரே நம்பியது, அதற்குப் பாட்டும் கைவசம் இருந்தது, அவ்வளவுதான்.

மேல்மலைக்காரன்:
கொடைக்கானலுக்கு மேலே எங்கள் பக்கத்தில் 'உ'வை விட 'ஊ'தான் வம்பு. 'ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்'. பூண்டு விலை, தண்ணீர் முறை, கோயில் வரி எல்லாவற்றையும் ஊர்க்கூட்டத்தில்தான் பேச வேண்டும், அதனால் இந்தப் பாட்டு வரியில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு சாதியில் பெண் எடுத்தான் என்று ஒரு வீட்டை ஒதுக்கி வைத்தபோது, கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து இதே வரியைத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் பள்ளியில் படித்ததுதானே.

ஊட்டி வாத்தியார் (ஓய்வு):
பந்தலூர் தம்பி, 'மீதூண்' கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஔவையார் பெயரிலேயே உள்ள நல்வழியில் 11ஆம் பாட்டைப் பாருங்கள்: 'ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய், இருநாளுக்கு ஏலென்றால் ஏலாய்' என்று வயிற்றோடு மல்லுக்கட்டி, 'இடும்பைகூர் என் வயிறே, உன்னோடு வாழ்தல் அரிது' என்று முடியும். இது பட்டினி கிடந்தவர் பேச்சு. குழந்தைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், எது உண்மை என்று அதுவே கேட்கட்டும்.

கோத்தகிரிக்காரி:
நன்றி ஐயா, பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். 'காவல்', 'பேதைமை' இரண்டுக்கும் இப்படி ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள். மேல்மலை அண்ணா, அந்த வீட்டுக்காரர்கள் இப்போது எங்கே?

மேல்மலைக்காரன்:
திண்டுக்கல்லில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். திருவிழாவுக்கு இன்னும் அவர்களிடம் வரி வாங்குவதில்லை.