புதுப்பிப்பு: பழைய காரின் 'டிக் டிக்' சத்தம் டேப்பெட்டிலிருந்து வரவில்லை

அப்பா வாங்கிய 1997 மாடல் பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம், சூடானதும் குறைகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் டேப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) என்றீர்கள். பார்த்தோம், எல்லா வால்விலும் இடைவெளி சரியாகவே இருந்தது.

அப்புறம் மெக்கானிக் அண்ணன், இன்ஜின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வயரைக் கழற்றினால் பொறி வராது, அந்த சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் எரியாது. மூன்றாவதைக் கழற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது. டேப்பெட் என்றால் வயரைக் கழற்றினாலும் தட்டிக்கொண்டேதான் இருக்கும். இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தாலும் வயரைக் கழற்றினால் சத்தம் குறையும். ஆனால் அது கனத்த சத்தம், சூடாகச் சூடாகக் கூடும். இன்ஜினை இறக்க வேண்டியிருக்குமோ என்ற என் பயம் அங்கேயே போனது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டர் பக்கம் கரி படிந்திருந்தது. இன்ஜினுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் எரிந்து புகை கசிந்திருக்கிறது, அதுதான் 'டிக் டிக்' சத்தம். இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைப்பதால்தான் சத்தம் குறைந்திருக்கிறது.

மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட்களுக்கு (திருகு கம்பிகள்) ராத்திரி முழுக்க எண்ணெய் விட்டும் ஒன்று முறிந்தது. அதைத் துளைத்தெடுக்கவே அரை நாள் ஆனது. புது கேஸ்கட், புது ஸ்டட். இரண்டு நாள் ஓட்டி, ஆறியபின் மறுபடி இறுக்கினோம். இன்று காலை ஸ்டார்ட் செய்தேன், சத்தமே இல்லை. எல்லோருக்கும் நன்றி.