களுதாவளைச் சொந்தங்கள் (மட்டக்களப்புப் பக்கம் நம்மட ஊர்க் குடும்பக் குழு): 14 பெட்டிப் புத்தகம்

லண்டன் சித்தப்பா: வாசிகசாலைக்கு இங்கிலிஷ் புத்தகம் கேட்டீங்கதானே. கோயில்ல, வேலை இடத்தில, புள்ளைகள்ற பள்ளிக்கூடத்தில எல்லாம் சொல்லிவச்சன். 14 பெட்டி சேர்ந்திற்று. கராஜுக்குள்ள கார் விட இடமில்ல, சித்தி முறைக்கிறா 😅

நான்: 14ஆ! இஞ்ச இருக்கிறது ஒரேயொரு றாக்கை சித்தப்பா. அதிலயும் கீழ்த்தட்டில கரம் போட் கிடக்கு.

டீச்சர் மாமி: தம்பி, அனுப்ப முந்தி உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஒருக்காப் படம் எடுத்துப் போடுங்க.

லண்டன் சித்தப்பா: 📷 7 படங்கள்

டீச்சர் மாமி: இதென்ன, விண்டோஸ் 98 படிக்கிற புத்தகம்? இங்கிலாந்து வருமான வரிக்கு இஞ்ச ஆருக்கு என்ன வேலை? 3ம் படத்தில தடிச்ச தடிச்சதாக் கிடக்கிற கலைக்களஞ்சியம் எந்த வருசத்து?

லண்டன் சித்தப்பா: 1968 அக்கா. முழுத் தொகுதி. தந்த வெள்ளைக்காரக் கிழவி கண் கலங்கிற்றா, வேணாமெண்டு சொல்ல வாய் வரல்ல.

டீச்சர் மாமி: அதில நம்மட நாட்டுக்கு இன்னும் சிலோன் எண்டுதான் பேர் இருக்கும். 1972லயே மாறிற்று. கிழவிக்கு நன்றி சொல்லிற்று அங்கயே வைங்க.

டீச்சர் மாமி: முந்தி ஒருக்கா வந்த பெட்டி ஞாபகமா? எல்லாம் பொடி எழுத்து நாவல். ஒரு புள்ளையும் தொடல்ல. மூணு மாரிக்குள்ள கறையான்தான் வாசிச்சு முடிச்ச.

கனடா அக்கா: அப்ப என்னதான் வேணும் மாமி? இஞ்சயும் சேர்க்கலாம்.

டீச்சர் மாமி: நம்மட புள்ளைகள் ஆண்டு 3லதான் இங்கிலிஷ் பாடப் புத்தகத்தையே கையில எடுக்குதுகள். ஆண்டு 7 புள்ளைக்கு அங்கத்த ஆறு வயசுப் புத்தகம்தான் ஓடும். ஆனா மட்டையில பாப்பாப் படம் இருந்தா வெக்கத்தில ஒளிச்சு வச்சிருங்கள் 😄 மெல்லிசாப் பாருங்க, பெரிய எழுத்து. மீன், கிரிக்கெட், ராக்கெட் எதெண்டாலும் பறவாயில்ல. ஒரே புத்தகம் அஞ்சாறு இருந்தா வட்டமா இருந்து வாசிக்கலாம். அகராதி எத்தின வந்தாலும் எடுப்பன்.

நான்: அந்தப் பெட்டியில ஒண்டு மட்டும் தப்பின மாமி. முதல் பக்கத்தில ஆரோ அங்கத்தப் புள்ள பென்சிலால "இது என்ர, தொடாத" எண்டு இங்கிலிஷில எழுதிக் கிடந்த. அதுக்குக் கீழ நம்மட சின்னவள் "சொறி" எண்டு எழுதி வச்சிருக்காள்.

கனடா அக்கா: 😂😂 அவள்தான் நூலகர்!

பெரியப்பா: எல்லாம் சரி. தமிழ்ப் புத்தகம் வாங்கக் கேட்டா ஒருத்தனும் அஞ்சு சதம் தாறதில்ல. இங்கிலிஷ் எண்டா 14 பெட்டி.

டீச்சர் மாமி: அண்ணன், விபுலானந்த அடிகள் காரைதீவார்தானே. லண்டன் பிஎஸ்சி எடுத்த மனிசன், மறுகா 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில முதல் தமிழ்ப் பேராசிரியராப் போனவர். ரெண்டும் ஒரு றாக்கையில இருக்கட்டுமே.

பெரியப்பா: அப்ப மேல்தட்டு தமிழுக்கு.

டீச்சர் மாமி: மேல்தட்டு புள்ளைகளுக்கு எட்டாது. நடுத்தட்டை எடுங்க.

பெரியப்பா: 👍 றாக்கையச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க. ஒரு சாண் தள்ளி வச்சாத்தான் கறையான் ஏறுறது கண்ணுக்குத் தெரியும்.

லண்டன் சித்தப்பா: கார்கோவுக்குப் பெட்டியின்ட அளவுக்குத்தான் காசு, பாரத்துக்கில்ல. அதால இருக்கிறதிலயே பெரிய பெட்டி எடுப்பமா?

கனடா அக்கா: ஐயோ வேணாம். புத்தகத்தோட அத ஆர் தூக்குற? அடி கழண்டு வரும். கடையில வாழைப்பழம் வாற பெட்டி கேளுங்க, சும்மாவே தருவாங்க. அடியில பெரிய ஓட்டை இருக்கும், மட்டை வச்சிற்று அடுக்குங்க.

நான்: இப்ப புரட்டாதி. கப்பல் வந்து சேர மழைக்குள்ள மாட்டும். தை பிறந்த பிறகு ஏத்துங்க சித்தப்பா. அதுக்குள்ள ஓட்டுக் கூரையில ஒழுகுற ரெண்டு இடத்தையும் பாக்கிறம்.

லண்டன் சித்தப்பா: தை மட்டுமா! சித்திக்கு ஆர் சொல்லுற? 🙈

நான்: அப்பாச்சி பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா. அவக்குப் புத்தகம் வேணாமாம். பெட்டியில இடம் மிஞ்சினா வாசிக்கிற கண்ணாடி ரெண்டு போடட்டாம். ஒண்டு தொலைக்கிறதுக்காம்.