ரிசார்ட் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலை, கிணற்றில் நீந்தியவன் சமாளிப்பேனா?

வாடிப்பட்டிக்காரன்:
அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் லைஃப்கார்டாக எடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சேரணும். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி பம்புசெட் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய வீடு எங்களுடையது, தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் நேற்று சும்மா போய்ப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை வேறு, குளத்தில் தண்ணீரை விடத் தலைதான் அதிகம். எல்லாரும் கத்துகிறார்கள், கையைத் தூக்குகிறார்கள். இதில் யார் விளையாடுகிறார், யார் மூழ்குகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குளத்தோரம்:
தம்பி, கத்துகிறவனை விடு. ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், மூழ்குகிறவன் கத்தி நான் கேட்டதே இல்லை. மூச்சு இழுக்கவே வாய் தண்ணீருக்கு மேலே வர மாட்டேன் என்கிறது, இதில் எங்கே கத்துவது. போன மே மாதம் ஏழெட்டு வயசுப் பையன் ஒருத்தன், மூன்றடியில் நின்றவன் சரிவில் கால் வழுக்கி நாலரை அடிக்குப் போய்விட்டான். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, ஏணி ஏறுகிற மாதிரி நின்ற இடத்திலேயே செங்குத்தாக. முடி கண்ணை மூடியிருக்கிறது, அதை ஒதுக்கக் கை வரவில்லை, அதைப் பார்த்துத்தான் குதித்தேன். இரண்டு கை தூரத்தில் அவன் அப்பா முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார், பையனைத் தூக்கிக் கரையில் வைத்த பிறகுதான் திரும்பினார்.

உன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்கு ஒருமுறை கண்ணால் சுற்றி முடிக்கணும், ஆபத்து என்று பட்டால் 20 விநாடிக்குள் ஆளிடம் இருக்கணும், தொழிலில் சொல்கிற கணக்கு இது. வெயில் கூசி அடித்தரை தெரியவில்லை என்றால் நாற்காலியை மாற்றிப் போடு. அப்புறம், மேனேஜர் டவல் எடுத்துக் கொடு, ஜூஸ் கொண்டு போ என்பார். முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடு.

கிணற்றுத்தவளை:
கிணற்றில் தலைமுடியைப் பிடித்து இழுத்து வருவோமே, அந்த வீரத்தை மறந்துவிடுங்கள். முதலில் கம்பையோ டியூபையோ நீட்டுங்கள். வெறுங்கையோடு முன்பக்கமாகப் போனால் கழுத்தைக் கட்டிக்கொண்டு உங்களையும் அமுக்கிவிடுவார்கள்.

நைட் டூட்டி:
அவசர சிகிச்சையில் நர்ஸாக இருக்கிறேன். தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், வயிற்றில் கிடந்த புரோட்டா மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதணும், இங்கே பற்றாக்குறை காற்றுதான். பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊது, 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. எழுந்து நன்றாகப் பேசினாலும் இருமல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடிப்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டவல் விஷயத்தை இப்போதே போனில் கேட்டுவிட்டேன், கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும்தான் என்கிறார்.

குளத்தோரம்:
நான் சொன்ன பையன் சரிவில் இறங்கியது செவ்வாய்க்கிழமை மத்தியானம், குளத்தில் மொத்தமே பதினோரு பேர். டவல் வேலை இல்லை என்று எழுதி வாங்கு தம்பி.