மூஸ் ஜா: சமவெளியின் நடுவே ஒரு சிறு நகரம் எதைக்கொண்டு வாழ்கிறது?

கேள்வி – ஸ்காபரோவாசி

வணக்கம். என் மனைவிக்குச் சஸ்காச்சுவான் மாகாணத்தின் மூஸ் ஜா நகரில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக ஸ்காபரோவை விட்டு வேறெங்கும் குடியிருந்திராத நாங்கள், எட்டு வயது மகளுடன் வரும் ஓகஸ்டில் அங்கே போவதா இல்லையா என்று இந்த மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சென்ற கோடையில் கல்கரிக்குக் காரில் போனபோது அந்த ஊரைக் கடந்து சென்றோம். சாலையோரம் நின்ற பெரிய மூஸ் மான் சிலையும் சில எரிபொருள் நிலையங்களும் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் நாங்களே விசாரித்துக்கொண்டோம். நான் கேட்க விரும்புவது வேறு. அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் உண்டானது, இன்று எதைக்கொண்டு வாழ்கிறது, சுற்றுப்புறத்தில் என்ன இருக்கிறது? ஒரு தொழில் மூடப்பட்டால் வெறிச்சோடிவிடும் ஊராக இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக மனம் வரவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் – ஆற்றங்கரை

பதினோரு ஆண்டுகள் மூஸ் ஜாவில் வாழ்ந்துவிட்டு இப்போது ரெஜைனாவில் இருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து நீங்கள் அந்த ஊரைப் பார்க்கவில்லை என்பதில் வியப்பில்லை, ஏனெனில் 1ஆம் இலக்கச் சாலை அதன் வடக்கு விளிம்பைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. பழைய ஊரோ தெற்கே, ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது. ரெஜைனாவிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரப் பயணம்.

அந்த இடத்தை முடிவு செய்தது தண்ணீர். மூஸ் ஜா ஆறும் தண்டர் ஓடையும் கூடும் இடம் அது. 1882 இல் கனேடிய பசிபிக் ரயில் பாதை மேற்கு நோக்கி வந்தபோது நீராவி எஞ்சின்களுக்கு நம்பகமான நீர் வேண்டியிருந்தது. எஞ்சின்களும் பணியாளர்களும் மாறிக்கொள்ளும் கோட்ட நிலையம் அந்தக் கூடுதுறையில் அமைந்தது. 1893 இல் அமெரிக்க எல்லையிலிருந்து சூ லைன் பாதையும் வந்து சேர்ந்ததால், மினியாபோலிஸ் வழியாகச் சிக்காகோ வரை தொடர்பு கிடைத்தது. சஸ்காச்சுவான் மாகாணமாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1903 இல், மூஸ் ஜா நகரத் தகுதி பெற்றுவிட்டது. நீங்கள் கடையில் வாங்கும் ராபின் ஹூட் மாவும் 1909 இல் அந்த ஊர் ஆலையொன்றில் தொடங்கியதுதான்.

அந்த ஆலை 1960களில் மூடப்பட்டது. 1990 இன் தொடக்கத்தில் பயணிகள் ரயிலும் அந்தப் பாதையில் நின்றுபோனது. இவை சின்ன அடிகள் அல்ல. இருந்தும் 1961 இல் 33 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பிலும் 33,665 ஆகவே இருந்தது. அறுபது ஆண்டுகளாக ஊர் பெருகவும் இல்லை, கரையவும் இல்லை. ஒரே தொழிலை நம்பிய ஊராக அது இல்லாததுதான் இதற்குக் காரணம் என்று நான் எண்ணுகிறேன். ஊருக்குத் தெற்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளைப் பயிற்றுவிக்கத் தோன்றிய விமானத்தளம் இன்றும் அதே வேலையைச் செய்கிறது. சிவப்பும் வெள்ளையுமான ஸ்னோபேர்ட்ஸ் சாகச விமானங்களுக்கும் அதுதான் வீடு. கிழக்கே பெல் பிளேனில், உரம் செய்ய உதவும் பொட்டாஷ் என்னும் உப்பை எடுக்கும் சுரங்கம் இருக்கிறது. அங்கே மனிதர்கள் கீழே இறங்குவதில்லை. சூடான நீரை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் ஆழத்தில் செலுத்தி, உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலை மேலே எடுத்து ஆவியாக்குகிறார்கள். குளிர்காலத்தில் அதன் நீராவி வெகு தூரத்திலிருந்தே தெரியும். இவற்றோடு மருத்துவமனை, தொழில்நுட்பக் கல்லூரி, சுற்றியுள்ள பண்ணைகள் எல்லாம் சேர்ந்துதான் ஊரைத் தாங்குகின்றன.

வாகனமில்லாமல் அங்கே போய்விடாதீர்கள். மாகாண அரசின் பேருந்து நிறுவனம் 2017 இல் மூடப்பட்டது, மறு ஆண்டே கிரேஹவுண்ட் என்னும் தனியார் பேருந்து நிறுவனமும் மேற்குக் கனடாவை விட்டு விலகியது. அருகிலுள்ள பயணிகள் விமான நிலையம் ரெஜைனாவில்தான். குளிர் மைனஸ் 30க்குக் கீழே போகும் இரவுகளில் எஞ்சின் உறையாமல் சூடாக வைக்கும் காரின் ப்ளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும். அங்கே கடிகாரத்தை மாற்றும் வழக்கமில்லாததால், ரொறொன்ரோவுக்கும் அதற்கும் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் வேறுபடும். ஊரிலுள்ள அம்மாவை அழைப்பதற்கு முன் கணக்குப் பார்க்கப் பழகிக்கொள்வீர்கள்.

பதில் – பயறுக்காரி

தம்பி, ஆற்றங்கரை அண்ணன் பண்ணைகளை ஒரு சொல்லில் கடந்துவிட்டார். நான் பயறு சுத்திகரிக்கும் ஆலையொன்றில் தரம் பார்க்கிறேன். அதனால் என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

மூஸ் ஜாவைச் சுற்றியுள்ள நிலத்துக்கு ஆண்டில் மழையும் பனியும் சேர்த்துக் கிடைப்பது 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கோதுமை மட்டும் விதைத்த காலத்தில், ஈரம் சேரட்டும் என்று ஒரு ஆண்டு விட்டு ஒரு ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு உழுதுகொண்டிருந்தார்கள். 1930களின் வறட்சியில் அந்த வெறும் மண் புழுதியாகக் கிளம்பிப் பண்ணைகளையே மூடியது. 1970களுக்குப் பிறகு, தரிசு கிடந்த அந்த ஆண்டில் பயறு விதைக்கத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம். அதற்கு அதிக நீர் தேவையில்லை, வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன, அடுத்து விதைக்கும் டியூரம் என்னும் கடினவகைக் கோதுமைக்கும் அது நன்மையாகிறது.

மே மாதத்தில் விதைத்தவுடன் கனமான உருளையை ஓட்டிக் கற்களை மண்ணுக்குள் அமுக்குவார்கள். செடி முழங்காலுக்கும் குட்டை, காய் தரையை ஒட்டிக் காய்க்கும். அறுவடை இயந்திரத்தின் வாய் நிலத்தைத் தடவிக்கொண்டே போகவேண்டியிருப்பதால் ஒரு கல் அகப்பட்டாலும் சேதம்தான். கனடாவின் பயறில் மிகப் பெரும்பங்கு இந்த ஒரு மாகாணத்தில் விளைகிறது. வெளியே மங்கிய பழுப்பு நிறம். தோல் நீக்கிப் பிளந்தால்தான் அந்தச் செம்மஞ்சள் தெரியும். ஆம், நாம் சிறு வயது முதல் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கிற மைசூர்ப் பருப்புத்தான். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இங்கிருந்து கப்பலில் போகிறது. முதன்முறை அந்த வயலோரம் நின்று ஒரு காயை உரித்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2021 போன்ற கடும் வறட்சி ஆண்டுகளில் கடைத்தெருவில்கூடக் கவலை தெரியும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பதில் – பழஞ்சுவடி

சுற்றுலா போகும் எல்லாரும் உங்களை மூஸ் ஜாவின் நிலத்தடிச் சுரங்க வழிகளுக்கு அனுப்புவார்கள். சிக்காகோவின் குற்றக்கும்பல் தலைவன் அல் கபோன் சூ லைன் ரயிலில் வந்து அங்கே ஒளிந்திருந்தான் என்றும், சீனத் தொழிலாளர்கள் அவற்றுக்குள் மறைந்து வாழ்ந்தார்கள் என்றும் அங்கே நாடகமாக நடித்துக் காட்டுவார்கள். போய்ப் பாருங்கள், ஆனால் இரண்டுக்கும் உறுதியான சான்று கிடையாது என்பதை மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

சான்றுள்ள வரலாறு அதைவிடக் கனமானது. கனடாவுக்குள் வரும் சீனர் மீது 1885 இல் 50 டொலராக விதித்த தலைவரி 1903 இல் 500 டொலரானது. 1912 இல் சஸ்காச்சுவான், சீனர்களின் கடைகளில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மூஸ் ஜாவில் உணவகம் நடத்திவந்த குவோங் விங், குடியுரிமை பெற்றவராக இருந்தும், அப்படிப்பட்ட பெண்களை வேலைக்கு வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். கனடிய உச்ச நீதிமன்றம் வரை அவர் போனார். 1914 இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்.

ஆற்றுப் பள்ளத்தாக்கும் வெறும் பூங்கா அல்ல. அது முதற்குடி மக்களுக்கும் கனடிய அரசுக்கும் இடையே 1874 இல் கையெழுத்தான 4ஆம் உடன்படிக்கையின் நிலம். 1876 இல் லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் பின் அமெரிக்கப் படைக்குத் தப்பி, தங்கள் தலைவர் சிட்டிங் புல்லோடு எல்லை கடந்த லகோட்டா முதற்குடி மக்களில் சிலர், அவர் 1881 இல் திரும்பிச் சென்ற பின்னும் போகாமல், மூஸ் ஜா ஆற்றோரம் பல ஆண்டுகள் கூடாரமிட்டு வாழ்ந்தார்கள். ஊரின் பெயரே இதமான காற்று வீசும் இடம் என்னும் பொருளுள்ள, கிரீ என்னும் முதற்குடி மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. சமவெளியில் காற்று அறையும் நாளில் அந்தப் பள்ளத்தில் இறங்கினால், அந்த விளக்கத்தை நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

பதில் – ஸ்காபரோவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மைசூர்ப் பருப்புப் பற்றி மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். மீண்டும் ஒரு முறை வாசிக்கச் சொன்னாள். இரண்டு சிறு கேள்விகள்: அவ்வளவு வறண்ட இடத்தில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? முடிவெடுப்பதற்கு முன் ஒரு வார இறுதியில் போய்ப் பார்க்க நினைக்கிறோம். மார்ச்சில் போவதில் பயன் உண்டா?

பதில் – ஆற்றங்கரை

குடிநீர் வடக்கே, ஏறத்தாழ அரை மணி நேரத் தொலைவிலுள்ள பஃபலோ பவுண்ட் ஏரியிலிருந்து வருகிறது. நீளமான, ஆழமில்லாத ஏரி. ரெஜைனாவுக்கும் அதுதான் நீர் தருகிறது. அதை நிரப்புவது பெரும்பாலும் இந்த மண்ணில் பெய்யும் மழை அல்ல. ராக்கி மலைப் பனி உருகித் தெற்குச் சஸ்காச்சுவான் ஆறாக வருகிறது; 1967 இல் முடிந்த கார்டினர் அணையின் பின்னே தேங்கி, குவாப்பெல் ஆற்றில் திறந்துவிடப்பட்டு ஏரிக்கு வந்து சேர்கிறது. ஏரியின் பெயர், முதற்குடி மக்கள் காட்டெருமைகளை மடக்கிப் பிடித்த பட்டியைக் குறிப்பது.

மார்ச்சில் தாராளமாகப் போங்கள். அழுக்குப் பனியும் வெறும் கிளையுமாக ஊர் தன்னை அலங்கரிக்காமல் இருக்கும் மாதம் அது. ரெஜைனா விமான நிலையத்தில் இறங்கிக் காரை வாடகைக்கு எடுத்து மேற்கே வந்து, மூஸ் சிலையருகே நின்றுவிடாமல், மெயின் தெருவில் தெற்கே திரும்புங்கள். தெரு முடியும் இடத்தில் மணிக்கூண்டோடு பழைய ரயில் நிலையம் நிற்கும். காரை அங்கே விட்டுவிட்டு, சுவரோவியங்களைப் பார்த்தபடி நடந்து, பிறகு வாக்கமோ என்னும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள். மகளுக்குக் காலுறை இரண்டு சோடி கூடுதலாகக் கொண்டுபோங்கள், பாதையெல்லாம் சேறாக இருக்கும்.