புதுப்பிப்பு: ஆற்றோரச் செங்கல் வரிசை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அரசாங்க நிலத்தில் பழைய செங்கல் தெரிகிறது, யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தேனே? 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தைக் காட்டி நீங்கள் சொன்னபடியே மாவட்ட அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அந்த இடத்தைப் பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு வந்தது. மண்வெட்டியைத் தொடவே இல்லை! ஜிபிஎஸ்ஸில் இடம் குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்தார்கள், அவ்வளவுதான். நான் வீட்டுக்குக் கொண்டுவந்த மண்குழாய்த் துண்டைக் காட்டினேன். இரும்பு உலைக்குக் காற்று ஊதும் குழாய்போல இருக்கிறதாம். பக்கத்திலுள்ள சுங்கை பத்து தொல்லியல் களத்தில் இப்படி ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

“எந்த இடத்துல எடுத்தீங்க தம்பி?” என்றார் குழுவிலிருந்த அக்கா. எனக்கு ஞாபகமில்லை. எடுத்த இடம் தெரியாவிட்டால் துண்டை வைத்து அதிகம் சொல்ல முடியாதே; அவர் முகம் போன போக்கு! தயவுசெய்து யாரும் எதையும் எடுக்காதீர்கள்.

வேலி இன்னும் வரவில்லை. 2013-இல் சண்டி 11 என்ற பழங்காலக் கோயில் எச்சம் இடிபட்டதை நினைத்தால் பயம்தான். பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) தாத்தா மட்டும் மாட்டை வேறு பக்கம் கட்டுகிறார்.