தோல், தண்டு, விதை: எது வாய்க்கு, எது தொட்டிக்கு?

கரண்டிக்காரன்:

வணக்கம். போன மாசம் ஒரு காலிஃபிளவர் வாங்கினேன். வெட்டுறதுக்கு முன்னாடி ஏதோ குறுகுறுப்பில் தராசில் வச்சுப் பார்த்தேன்: 1 கிலோ 150 கிராம். பூவை மட்டும் ஆய்ஞ்சு எடுத்துட்டு மறுபடி வச்சேன்: 640 கிராம். மிச்சம் அரைக் கிலோவுக்கு மேல நேராத் தொட்டிக்குப் போகுது. இத்தனை வருஷமா இப்படித்தான் போயிருக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலைன்னு சொன்னா நம்புவீங்களா? என் மனைவி நம்பலை.

அதுலேர்ந்து ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா வச்சிருக்கேன். தோல், காம்பு, தண்டு, இலை எல்லாம் அதுக்குள்ள. மூணு வாரம் ஆச்சு.

ஜெயிச்சது தர்பூசணி. வெளிப்பச்சையைச் சீவித் தள்ளிட்டு, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவுல இருக்கிற வெள்ளையைப் பொடிசா நறுக்கி, பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கினேன். ஏதோ பூசணிக்காய்னு நினைச்சு எல்லாரும் சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சதும் உண்மையைச் சொன்னேன். அதுதான் நான் பண்ண தப்பு. இப்ப நான் எதைக் கொண்டுவந்து வச்சாலும் முதல்ல மோந்து பார்க்கறாங்க.

தோத்தது ரெண்டு. ப்ரோக்கோலித் தண்டை அப்படியே வட்டமா வெட்டி வேகவச்சேன், கயிறு மென்ன மாதிரி இருந்தது. அடுத்தது உருளைக்கிழங்குத் தோல் வறுவல். முதல் வாய் அருமை. ரெண்டாவது வாய் ஒரே கசப்பு, தொண்டையில எரிச்சல் வேற. அம்மா ஒண்ணை வாயில போட்டதும் துப்பிட்டு, “மாட்டுக்கு வைக்கிறதை மனுஷனுக்கு வைக்கிறியேடா”ன்னாங்க. மாடு இதைத் தின்னுமான்னே எனக்குச் சந்தேகம்.

என் கேள்வி ரெண்டு. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாதுன்னு பட்டியல் வேண்டாம். பட்டியல் நெட்டுல நூறு இருக்கு, ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குது. ஒரு பொருளைக் கையில எடுத்ததும் யோசிக்கிறதுக்கு ஏதாவது வழி இருக்கா? இன்னொண்ணு, பூச்சிமருந்து எல்லாம் தோல் மேலதானே அடிக்கிறாங்க, அதைத் தேடித் தேடித் தின்னுறது புத்திசாலித்தனமா?

சும்மா_ஒருத்தி:

பதில் எனக்கும் தெரியாது, ஆனா அந்த டப்பா எங்க வீட்டுலயும் இருக்கு. ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா உள்ள தனி உலகமே உருவாகியிருக்கும். அப்புறம் மொத்தமாத் தொட்டிக்குத்தான். குப்பையை ஃப்ரிட்ஜில வச்சுக் குளிர வச்சுக் கொட்டறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல பதில் வந்தா என்னையும் கூப்பிடுங்க.

பழைய_கேன்டீன்காரர்:

தம்பி, 30 வருஷம் கேன்டீன் அடுப்படியில் நின்றவன் நான். ஒரு வேளைக்கு 400 சாப்பாடு. அங்கே தோலும் தண்டும் கிராமில் வராது, மூட்டையில் வரும். அதனால் நீ கேட்டதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. செடி எதைக் கொடுக்க நினைக்கிறது, எதைக் காப்பாற்ற நினைக்கிறது என்று பார். பழத்தின் சதை லஞ்சம். உள்ளே இருக்கும் கொட்டை அதன் பிள்ளை. லஞ்சத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போடு என்பதுதான் ஒப்பந்தம். பிள்ளையைக் கடித்தால் சும்மா விடாது. ஆப்பிள் விதை, செர்ரிக் கொட்டை, அப்ரிகாட் பருப்பு மூன்றிலும் அமிக்டலின் இருக்கிறது. நசுக்கினால் அதிலிருந்து சயனைடு வரும். ஆப்பிள் விதை ஒன்றிரண்டைத் தெரியாமல் விழுங்கினால் பயப்பட வேண்டாம், போன மாதிரியே வெளியே வந்துவிடும். ‘முழுச் சத்து’ என்று விதையோடு மிக்ஸியில் அடிக்கிற வேலைதான் கூடாது.

உன் உருளைக்கிழங்குக்கு வருகிறேன். அது வேர் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் தண்டு. வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அந்தப் பச்சை நிறம் பாவம், இலையில் இருக்கும் அதே பச்சையம்தான், ஒன்றும் செய்யாது. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன், சாக்கோனைன் என்று இரண்டு நச்சுகள் கூடவே ஏறும். இரண்டும் குவிவது தோலிலும் முளைக்கண்ணிலும்தான். வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. நீ சொன்ன கசப்பும் எரிச்சலும் அநேகமாக அதுதான். அளவு அதிகமானால் வாந்தி, வயிற்றுவலி, பேதி. இருட்டில் வைத்த, பச்சையும் முளையும் இல்லாத, கெட்டியான கிழங்கின் தோலை மட்டும் எடு. நன்றாகக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, சூடான எண்ணெயில் போடு. மற்றதை ஆழமாகச் சீவித் தள்ளிவிடு; முழுக்கப் பச்சை ஏறிய கிழங்கானால் கிழங்கே வேண்டாம். துப்பினாரே உன் அம்மா, அந்த வீட்டில் சரியான சோதனைக்கூடம் அவர்தான்.

வழக்கமாகக் கசக்காத ஒன்று திடீரென்று கசந்தால் மரியாதைக்காகக்கூட விழுங்காதே. வெள்ளரி, பூசணி, சுரை வகைக்கு இது ரொம்பப் பொருந்தும். அந்தக் குடும்பத்துக்குக் குக்குர்பிட்டசின் என்று ஒரு ஆயுதம் உண்டு, அதுவும் அடுப்புக்கு மசியாது.

அடுத்தது, ஒரு செடிக்குப் பொருந்தியது பக்கத்துச் செடிக்குப் பொருந்தாது. பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, கேரட் இலை மூன்றையும் தாராளமாகச் சமைக்கலாம். கேரட் இலை விஷம் என்று சொல்வார்கள், கேட்காதே. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் முரடு, அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் உருளைக்கிழங்கு இலையில் கைவைக்காதே. ரூபார்ப் என்று ஒரு செடி, சிவந்த காம்பைச் சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்பார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனில் காய்கறித் தட்டுப்பாடு வந்தபோது, காம்புதான் நல்லதாயிற்றே என்று அதன் இலையையும் சாப்பிடச் சொன்னார்கள். இலையில் ஆக்சாலிக் அமிலம். விஷம் ஏறிப்போனது.

ப்ரோக்கோலித் தண்டு வேறு கதை. நார் விஷம் இல்லை, கத்திக்கு வேலை, அவ்வளவுதான். அடிப்பக்கம் கத்தியைச் செருகி மேலே இழுத்தால் தோல் பட்டையாக உரியும். உள்ளே வெளிர்ப்பச்சை வரும்வரை உரி. அதற்கப்புறம் கிடைப்பது பூவைவிட ருசி என்பேன் நான். காலிஃபிளவர் இலையின் நடுநரம்பை நீளவாக்கில் கீறி முதலில் போடு, இலையைக் கடைசியில் போடு. பட்டாணித் தோட்டின் உள்பக்கம் காகிதம் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், அதை உரிக்கப் பொறுமை இல்லையென்றால் வேகவைத்து அரைத்து வடிகட்டி சூப்பில் சேர்த்துவிடு. வெங்காயச் சருகு சூப்புத் தண்ணீருக்கு நிறம் கொடுக்கும், மெல்லுவதற்கு இல்லை. கொத்தமல்லித் தண்டைக் கிள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். வாசனையே அங்கேதான் இருக்கிறது.

கொட்டைப்பாக்கு:

ஐயா, லஞ்சம், பிள்ளைக் கணக்கு அழகா இருக்கு. ஆனா பூசணி விதை, தர்பூசணி விதை எல்லாம் வறுத்துத் தின்னறோமே, அதுவும் பிள்ளைதானே?

பழைய_கேன்டீன்காரர்:

அதற்குப் பலமான ஓடு இருக்கிறது, ஓடு இருப்பவனுக்கு விஷம் எதற்கு?

கொட்டைப்பாக்கு:

அப்ரிகாட்டுக்கு அதைவிடப் பலமான ஓடாச்சே.

பழைய_கேன்டீன்காரர்:

மாட்டிக்கொண்டேன். சரி, என் கணக்கு எதைச் சந்தேகப்படணும் என்று சொல்லும். எதை நம்பணும் என்று சொல்லாது. அதற்கு ஏற்கெனவே தின்று பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சோதனைக்குழாய்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். தயாபெண்டசோல், ஃபோஸ்மெட் என்ற இரண்டு மருந்துகளைப் பழத்தின் மேல் பூசி, வெறும் தண்ணீர், குளோரின் கலந்த நீர், பேக்கிங் சோடா கரைத்த நீர் மூன்றிலும் கழுவிப் பார்த்தார்கள். ஜெயித்தது சோடா. அளவு, 100 மில்லி தண்ணீருக்கு 1 கிராம். 12 நிமிஷத்தில் தயாபெண்டசோலில் 80 சதவீதம் போனது, 15 நிமிஷத்தில் ஃபோஸ்மெட்டில் 96 சதவீதம் போனது. போகாத மிச்சம் தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அதை எதைக் கொண்டு கழுவினாலும் எடுக்க முடியாது, சீவித்தான் ஆகணும்.

இதை எல்லா மருந்துக்கும் எல்லாக் காய்க்கும் நீட்டிப் பேசக் கூடாது, சோதித்தது ஒரு பழம், இரண்டு மருந்து. ஆனாலும் குழாயடியில் மூன்று விநாடி காட்டுவதைவிட ஊறப்போடுவது மேல். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை மட்டும் நான் தனியாக வைப்பேன். அறுவடைக்குப் பிறகு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதே தயாபெண்டசோல், இமசலில் மாதிரி மருந்துகளைத் தடவி, மேலே மெழுகும் பூசுகிற வழக்கம் உண்டு. தோலுக்காகவே வாங்குவதானால் மெழுகு பூசாத பழமாகக் கேட்டு வாங்குங்கள்.

கல்லடைச்சவன்:

பீட்ரூட் இலை பற்றி ஒரு வார்த்தை. எனக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தது. டாக்டர் குறைக்கச் சொன்னதில் அதுவும் ஒன்று. கல் வந்தவங்க ‘வேஸ்ட் பண்ணக் கூடாது’ன்னு கிண்ணம் கிண்ணமாச் சாப்பிட வேண்டாம். அந்த வலி எதிரிக்கும் வேண்டாம்.

முட்டையில்லா_மாமி:

எல்லாரும் தோல், தண்டிலேயே நிற்கிறீங்களே, தண்ணியை யாரும் சொல்லலையே! கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணியை நான் ஒரு சொட்டு கொட்டறதில்லை. ஊறவச்ச தண்ணி இல்லை, அதைக் கொட்டிடுங்க. வெந்த தண்ணி. முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பு வரும்வரை சுண்ட வச்சு, ஃப்ரிட்ஜில ஆறவிட்டு, பீட்டரால் அடிச்சா நுரைச்சு வெள்ளை வெளேர்னு நிற்கும். 2014இல் ஜோயல் ரோஸெல்ங்கிற பிரெஞ்சு சங்கீதக்காரர் இதைக் கண்டுபிடிச்சு வெளியில சொன்னார். அதுவரைக்கும் உலகம் பூரா அதைச் சாக்கடையிலதான் ஊத்தினோம். ஒரு முட்டைக்குப் பதில் 3 மேசைக்கரண்டி. நான் உப்பு போடாம வேகவைப்பேன், இல்லாட்டி கேக் கரிக்கும். எப்படித் தெரியும்னு கேட்காதீங்க.

சோதனைக்குழாய்:

மாமி சொன்னதும் ஞாபகம் வருகிறது. தூக்கிப் போட்டதால் வந்த வியாதிக்குப் பெரிய உதாரணம் தவிடு. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், நரம்பு தளர்ந்து கால் துவண்டுபோகும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கோழிகளுக்குக் காலெல்லாம் துவண்டுபோனது. பிறகு திடீரென்று தானாகவே குணமானது. விசாரித்தால் விஷயம் அடுப்படியில் இருந்தது. மிச்சமான ராணுவ மருத்துவமனைச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள், தீட்டிய வெள்ளை அரிசி. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போனது பி1 வைட்டமின் என்று பிற்பாடு தெரிந்தது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தச் சமையல்காரருக்கு ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பழைய_கேன்டீன்காரர்:

அடுப்படிக்காரனுக்கு எப்போது கொடுத்திருக்கிறார்கள்.

மீன் சமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தலையும் முள்ளும் சூப்புக்கு உயிர். செவுளைக் கிள்ளி எறிந்துவிட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும். ஆனால் பித்தப்பையை மட்டும் யார் என்ன மருந்து என்று சொன்னாலும் தின்னாதீர்கள். கெண்டை வகை மீன்களின் பித்தம் வெந்தாலும் விஷம்தான், சிறுநீரகத்தையே நிறுத்திவிடும்.

கரண்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் எழுத முடியலை, அடுப்படியில இருந்தேன்.

ப்ரோக்கோலித் தண்டை ஐயா சொன்ன மாதிரி உரிச்சேன். பொண்ணு பச்சையாவே கடிச்சுத் தின்னுட்டா, சமைக்கிறதுக்கு மிச்சம் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் இருந்ததெல்லாம் பச்சை. இப்ப அலமாரிக்குள்ள இருட்டுல வச்சிருக்கேன். அம்மாவுக்கு ‘சோதனைக்கூடம்’ வரியைப் படிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் எதை வாயில போட்டாலும் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி மென்னு தீர்ப்பு சொல்றாங்க. தாங்க முடியலை.

சும்மா_ஒருத்தி சொன்ன டப்பாப் பிரச்சினை எனக்கும் வந்தது. இப்ப ஃப்ரிட்ஜில வைக்கிறதில்லை, ஃப்ரீசர்ல வைக்கிறேன். சூப்புக்குப் போறது மட்டும் அங்க. இலையும் தண்டும் அன்னைக்கே அடுப்புக்கு.

ஒரு சந்தேகம். மெழுகு பூசாத ஆரஞ்சுதான். தோலைச் சர்க்கரைப் பாகில போட்டு மிட்டாய் மாதிரி பண்ணலாம்னு மூணு தடவை கொதிக்க வச்சுட்டேன், இன்னும் கசக்குது. இன்னும் எத்தனை தடவை?

பழைய_கேன்டீன்காரர்:

ஒவ்வொரு தடவையும் தண்ணீரை மாற்றினாயா? அதே தண்ணீரில் மூன்று தடவை கொதிக்கவைத்தால் கசப்பு எங்கே போகும். பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் இறுத்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர். அப்படி மூன்று போதும். லேசான கசப்பு இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் அது வெறும் சர்க்கரை. அப்புறம் நகத்தால் கிள்ளிப் பார், நகம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகணும். அதுவரை பாகில் போடாதே. வேகாத தோலில் சர்க்கரை ஏறினால் விறைத்துவிடும், பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் இளகாது.

கசந்த தண்ணீரைக் கொட்டிவிடு தம்பி. அதையும் ஃப்ரீசரில் வைக்காதே.