எச்.எல்.ஏ. பரிசோதனையால் மெலனோமா திரும்பி வருமா என்று அறிய முடியுமா?

தாமிரபரணிக்கரை:
என் தந்தையின் குதிகாலில் இருந்த கறுப்புப் புண்ணைக் கால் ஆணி என்றே நினைத்துப் பல மாதங்கள் பிளாஸ்டர் ஒட்டிவந்தோம். பயாப்ஸியில் அது மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், எனத் தெரியவந்தது. அறுவை சிகிச்சையில் அதை அகற்றியபோது தொடை இடுக்கிலிருந்து எடுத்த நெறிக்கட்டி ஒன்றிலும் புற்றுநோய்ச் செல்கள் இருந்ததால், மூன்றாம் நிலை என்கிறார்கள். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஓராண்டுக்குச் செலுத்தலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில், இரத்தத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த எச்.எல்.ஏ. மரபணுக்களைப் பார்த்து நோய் மீண்டும் வரும் வாய்ப்பைக் கணித்துத் தருவதாகத் தனியார் ஆய்வகம் ஒன்று கூறுகிறது. கட்டணம் பெரியது. இதற்கு அறிவியல் அடிப்படை உண்டா?

நுண்ணோக்கி:
அடிப்படை உண்டு, ஆனால் ஆய்வகம் விற்கும் அளவுக்கு இல்லை.

மெலனோமா திரும்புவதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பெரும் பங்கு இருப்பதை ஸ்காட்லாந்தில் நடந்து 2003இல் வெளியான ஒரு நிகழ்வு காட்டுகிறது. மெலனோமா அகற்றப்பட்டு 16 ஆண்டுகள் நலமாக இருந்து, வேறு காரணத்தால் இறந்த ஒருவரின் சிறுநீரகங்களை இருவருக்குப் பொருத்தினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொண்ட அவ்விருவருக்கும், கொடையாளியிடமிருந்து வந்த மெலனோமா தோன்றியது. அத்தனை ஆண்டுகளும் அச்செல்கள் கொடையாளியின் உடலில் அடக்கி வைக்கப்பட்டிருந்தன என்றே இதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

அந்த அடக்குதலில் எச்.எல்.ஏ.வின் வேலை, செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டுவது. அவற்றைப் பார்த்துத்தான் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் பகையை அடையாளம் காண்கின்றன. ஏ, பி, சி என்னும் மூன்று முதல் வகுப்பு மரபணுக்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு ஆறு வடிவங்கள் வரை இருக்கலாம். வடிவங்கள் வேறுபட்டிருந்தால் காட்டக்கூடிய துணுக்குகளும் பலவகைப்படும். 1,535 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, மூன்று இடங்களிலும் இரு வேறு வடிவங்கள் உடையவர்கள், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, டி செல்களின் மீதுள்ள தடையை நீக்கும் மருந்துகளைப் பெற்றபின் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கண்டது. ஆய்வகங்கள் பெரும்பாலும் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த ஆய்வு முற்றிய புற்றுநோய் உள்ளவர்களின் ஆயுளைப் பற்றியது. அறுவை சிகிச்சையில் நோய் அகற்றப்பட்ட உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்கு அது திரும்புமா என்ற கேள்வியை அது கேட்கவில்லை. பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் அதே முடிவு கிடைக்கவும் இல்லை.

இன்னொரு இடைவெளியும் உண்டு. இரத்தத்தில் தெரிவது பிறவி மரபணு மட்டுமே. கட்டியோ தன் மரபணுக்களைத் தானே மாற்றிக்கொள்ளும். மருந்துக்கு நன்றாகச் சுருங்கிப் பின் மீண்டும் வளர்ந்த மெலனோமாக்களை 2016இல் ஆராய்ந்தபோது, ஒன்றில் எச்.எல்.ஏ.வைத் தாங்கிப்பிடிக்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் மரபணு சிதைந்திருந்தது. இரண்டில், டி செல்கள் அனுப்பும் இன்டர்ஃபெரான் என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜேக் மரபணுக்கள் பழுதாகியிருந்தன. இவற்றை உங்கள் ஆய்வகத்தின் இரத்தப் பரிசோதனை காட்டாது.

எச்.எல்.ஏ. வகை சிகிச்சையையே தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. கண்ணின் மெலனோமாவுக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து, ஏ*02:01 என்னும் எச்.எல்.ஏ. வடிவம் உடையவர்களுக்கு மட்டுமே. மாடர்னா, மெர்க் நிறுவனங்கள் சோதித்துவரும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை நோயாளியின் எச்.எல்.ஏ.வையும் கட்டியின் மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தே வடிவமைக்கிறார்கள். 157 பேரிடம் நடந்த சோதனையில், 18 மாதங்களில் நோய் திரும்பாதிருந்தவர்கள் தடுப்பூசியும் பெம்ப்ரோலிசுமாபும் பெற்றோரில் 79 விழுக்காடு, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றோரில் 62 விழுக்காடு. உங்கள் தந்தை இத்தகைய சோதனையில் சேர்ந்தால் அவர்களே அப்பரிசோதனையைச் செய்வார்கள்.

வெண்ணிலவன்:
மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடே. அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பெம்ப்ரோலிசுமாப் பெறும்போது தோலில் வெண்புள்ளிகள் தோன்றலாம். எனக்குத் தோன்றியபோது, நோயைவிட அதைப் பற்றித்தான் உறவினர்கள் அதிகம் கவலைப்பட்டார்கள், நம் ஊரில் அதற்கென்று தனிப் பயம் இருக்கிறதல்லவா! உண்மையில், டி செல்கள் நிறமிச் செல்களைத் தாக்குவதன் அறிகுறி அது. அப்படித் தோன்றியவர்களுக்கு நோய் விளைவுகள் சராசரியாக மேலாக இருந்ததாகவே ஆய்வுகள் கூறுகின்றன. எனவே புள்ளிகளைக் கண்டதும் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் தொடர் வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, கடும் சோர்வு ஆகியவற்றை அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

தாமிரபரணிக்கரை:
இருவருக்கும் நன்றி. பிள்ளைகளாகிய நாங்கள் அப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? மருந்தால் எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம்?

நுண்ணோக்கி:
உங்களுக்குத் தேவையில்லை. தந்தையின் எச்.எல்.ஏ.வில் பாதிதான் உங்களிடம் இருக்கும். அதை வைத்து யாரும் உங்களுக்கு மெலனோமா வருமா என்று கூற முடியாது. குடும்பங்களில் தொடரும் மெலனோமாவுக்குப் பெயர்பெற்ற சி.டி.கே.என்.2ஏ எதிர்ப்பு மண்டல மரபணுவே அன்று. உள்ளங்கால், நகக்கண் ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் மரபுவழியோ வெயிலாலோ வருவதும் அன்று. உங்கள் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டு, புதிய கரும்புள்ளி தென்பட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, 1,019 மூன்றாம் நிலை நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், ஓராண்டில் நோய் திரும்பாதிருந்தவர்கள் பெம்ப்ரோலிசுமாப் பெற்றோரில் 75 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றோரில் 61 விழுக்காடு. பாதத்து மெலனோமாவில் மரபணு மாற்றங்கள் குறைவாக இருப்பதால் டி செல்களுக்குத் தென்படும் அடையாளங்களும் குறைவு; எனவே அந்த எண்களை அப்படியே உங்கள் தந்தைக்குப் பொருத்த வேண்டாம். பயாப்ஸி அறிக்கையில் கட்டியின் பிரெஸ்லோ தடிமன் (தோலுக்குள் அது இறங்கியுள்ள ஆழம்) எத்தனை மில்லிமீட்டர், மேற்பரப்பு புண்ணாகியிருந்ததா, எத்தனை நெறிக்கட்டிகளில் நோய் இருந்தது என்பவற்றைப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். அவர் கணிப்பைச் சொல்வது அவற்றை வைத்துத்தான். கட்டியில், செல் வளர்ச்சியைத் தூண்டும் பி.ராஃப் மரபணுவில் மாற்றம் உண்டா எனப் பார்க்கப்பட்டதா என்றும் கேளுங்கள். அது இருந்தால் மாத்திரை வடிவில் மாற்றுச் சிகிச்சையும் உண்டு.